வியாழக்கிழமை மாப்பிள்ளை

ஷ்வேடகோன் பகோடா என்னும் புத்தர் கோயிலின் கிழக்குப் படிக்கட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, பெண்ணின் தாயார் டோ சான் ம்யா. மடியில் ஒரு பெரிய பூங்கட்டு. அவருக்கு இடப்பக்கம் பெண், கின் சபே. எதிரே, உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும் குட்டி பிளாஸ்டிக் முக்காலியில், மாப்பிள்ளை தூரெய்ன். அவனுக்கும் வாசலுக்கும் நடுவே, அவன் எழுந்து ஓடிவிடாதபடி, அவன் சித்தி டோ ப்யூ.

நடுவில் ஒரு தட்டு சமூசா. அதை யாரும் தொடவில்லை.

தூரெய்னுக்கு முப்பத்து மூன்று வயது. பின்தெருவில் அச்சகம் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய கல்யாணம் அவன் இயந்திரத்தின் வழியாகத்தான் நடந்திருந்தது. கின் சபே தன் தோழியின் பத்திரிகையைச் சரிபார்க்க ஒருநாள் அங்கே வந்து, அவன் கண்ணில் படாத பிழைகளையெல்லாம் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டுப் போனாள். அன்று முதல் அவன் அடித்த பத்திரிகைகளில் பிழை கூடிவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் பத்திரிகை அடித்தே காலத்தைத் தள்ளுவது என்று முடிவு செய்து, சித்தியைத் தூது அனுப்பினான்.

சிக்கல் கிழமையில் வந்தது.

இந்த ஊரில் பிள்ளை பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் பெயரின் முதல் எழுத்தை வைப்பது. பெயரைச் சொன்னால் கிழமை தெரிந்துவிடும். கின் என்றால் திங்கள். தூரெய்ன் என்றால் வெள்ளி.

"திங்களுக்கு வெள்ளி ஆகாதுடா," என்று சித்தி முந்தின நாளே சொல்லிவிட்டாள். "நம்ம ஜோசியர் கணக்குல ஆகாத ஜோடி ரெண்டுதான். திங்களுக்கு வெள்ளி ஆகாது, சனிக்கு வியாழன் ஆகாது. மத்ததெல்லாம் எப்படியாவது ஒத்துப்போகும். அவங்களுக்கும் அதே ஜோசியர்தான்."

"இப்ப என்ன பண்றது சித்தி?"

"வியாழன்னு சொல்லிடு. நானும் வியாழன்தான். ஏதாவது ஏடாகூடமா கேட்டா நான் பாத்துக்கறேன்."

"பேரு தூரெய்னாச்சே?"

"சின்ன வயசுல சீக்கு வந்துச்சு, ஜோசியர் பேரை மாத்தினாருன்னு சொல்லு. ஊர்ல நடக்காததா?"

நடப்பதுதான். தூரெய்ன் இரவு முழுக்க 'வியாழன், வியாழன்' என்று சொல்லிப் பழகினான்.

டீ வந்தது. டோ சான் ம்யா ஒரு மிடறு குடித்துவிட்டு ஆரம்பித்தார். "தம்பி பேரு தூரெய்ன். அப்ப வெள்ளிக்கிழமைதானே?"

கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்திருந்தது. பொறி வைக்கிறார் என்று தூரெய்ன் உஷாரானான்.

"இல்லீங்க ஆன்ட்டி. வியாழன். சின்ன வயசுல சீக்கு வந்து பேரை மாத்திட்டாங்க."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "பேரை மாத்திட்டாங்களா? எங்க வீட்லயும் பாருங்க..."

"சமூசா ஆறுது, எடுத்துக்குங்க," என்று சித்தி தட்டை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். பெயரைப் பற்றிய பேச்சு நீளக்கூடாது என்பது அவள் கவலை.

டோ சான் ம்யா ஒரு சமூசாவை எடுத்தார். கடிக்கவில்லை. "மேல போய்க் கும்பிட்டுட்டு வருவோம்," என்றார். "வாய் மறந்தாலும் மறக்கும். அவங்கவங்க மூலைக்குக் கால் தானா போயிடும்."

படிக்கட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் பூக்காரி மா ஓன் தூரெய்னைப் பார்த்துவிட்டாள். பல வருஷப் பழக்கம்.

"வாங்க வெள்ளிக்கிழமைக்காரரே! இன்னிக்கு என்ன, துணி இஸ்திரியெல்லாம் போட்டு?"

டோ சான் ம்யா சட்டென்று திரும்பினார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"வாராவாரம் வெள்ளிக்கிழமை வருவேன் ஆன்ட்டி," என்றான் தூரெய்ன் அவசரமாக. "அதனால அப்படிக் கூப்பிடுவாங்க."

"வியாழக்கிழமை பொறந்துட்டு வெள்ளிக்கிழமை எதுக்கு வர்றீங்க?"

"வியாழக்கிழமை... கூட்டம் ஜாஸ்தி ஆன்ட்டி."

மா ஓன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தூரெய்ன் ஒரு நோட்டை அவள் கையில் திணித்து, பூவை வாங்கிக்கொண்டு, மீதியைக் கேட்காமல் ஏறினான். மா ஓன் நோட்டைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

மேலே பளிங்குத் தளம் வெயிலில் சுட்டது. தங்கக் கோபுரத்தைச் சுற்றிலும் கிழமைக்கு ஒரு மூலை. ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர் சிலை, ஒரு விலங்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவரவர் கிழமையில் நின்று தண்ணீர் ஊற்றிக் கும்பிட வேண்டும். கோபுரத்தை வலமாகச் சுற்றினார்கள். முதலில் திங்கள் மூலை வந்தது. தாயும் மகளும் நிற்கவில்லை.

"பையன் மூலையைப் பாக்கற அவசரம்," என்று சித்தி தூரெய்னின் காதில் சொன்னாள்.

சனி மூலையில் டோ சான் ம்யாவின் நடை தளர்ந்தது.

"அம்மா, இங்க..." என்றாள் கின் சபே.

"முதல்ல தம்பியோடது ஆகட்டும்மா," என்றார் தாயார்.

முட்டி வலி போலிருக்கிறது என்று தூரெய்ன் நினைத்தான். நினைத்தபடியே நடந்ததில், அடுத்து வந்த வியாழன் மூலையை நிற்காமல் தாண்டிவிட்டான். இத்தனை வருஷமாக வடக்கே வெள்ளி மூலைக்குப் போய்ப் பழகிய கால். சித்தி சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"பக்தி முத்திப்போச்சு," என்று பொதுவாகச் சொன்னாள். "எங்க நிக்கறோம்னே தெரியாது அவனுக்கு."

தூரெய்ன் மண்டியிட்டான். வெள்ளி மூலையில் இருப்பது வாலில்லாத எலி. இங்கே இருந்தது நீளமான வாலுடன் கூடிய எலி. பழக்கதோஷத்தில் அதன் பின்பக்கத்தைத் தடவிக் கொடுத்தவன், திடுக்கிட்டுக் கையை எடுத்தான்.

"இது எப்ப முளைச்சுது?"

"என்ன தம்பி?" என்றார் டோ சான் ம்யா. குரலில் மறுபடியும் அந்த ஆவல்.

"வால் ஆன்ட்டி. போன வாரத்துக்கு இப்ப நல்லா பளபளன்னு இருக்கு. யாரோ தேய்ச்சிருக்காங்க."

டோ சான் ம்யா பக்கத்துச் சனி மூலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தன்னைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை, சந்தேகம் முற்றிவிட்டது என்று தூரெய்ன் கலங்கினான். இன்னும் நாலு கிண்ணம் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினான். எலி குளித்தது. ஊற்ற ஊற்ற டோ சான் ம்யாவின் முகம் வாடியது.

அப்போது துடைப்பங்களோடு ஒரு வரிசை வந்தது. வெள்ளிக்கிழமை பிறந்தவர்களின் துப்புரவுச் சங்கம். முன்னால் தலைவர் ஊ ஹான்.

"தம்பி தூரெய்ன்! வழி தப்பிட்டியா? நம்ம மூலை அந்தப் பக்கம்யா."

"நம்ம மூலையா?" டோ சான் ம்யா ஓடிவராத குறையாக முன்னே வந்தார். "அப்ப தம்பி வெள்ளிக்கிழமைதானா? நீங்க நல்லாத் தெரிஞ்சு சொல்லுங்க."

"நல்லாத் தெரியுமாவா? சங்கத்துச் செயலாளரே இவன்தானே!"

தூரெய்னுக்கு எல்லாம் போயிற்று என்று தெரிந்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. நான் வியாழன். கூட்டறதுல ஆசைப்பட்டுப் பொய் சொல்லிச் சேந்துட்டேன்."

ஊ ஹான் கையிலிருந்த துடைப்பம் சாய்ந்தது. "மூணு வருஷமா? எங்க துடைப்பத்தை எடுத்து?"

"ஆமாங்க."

"போன மாசம் உனக்குப் பொன்னாடை போத்தினமேய்யா!"

"திருப்பிக் கொடுத்துடறேன்."

"எவ்வளவு கூட்டினாலும் எங்க மூலை ஏன் அழுக்கா இருந்துச்சுன்னு இப்பல்ல புரியுது," என்றார் ஊ ஹான். அங்கேயே, எலியின் முன்னிலையில், தூரெய்ன் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டான். துடைப்ப வரிசை அவனைத் திரும்பிப் பார்க்காமல் வடக்கே போனது.

இதற்கு மேல் ஒருவன் வியாழக்கிழமைக்காரன் என்று நிரூபிக்க முடியாது. டோ சான் ம்யா கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கமான பையன்," என்றார். "நாங்க... யோசிச்சுச் சொல்றோம்."

கின் சபே மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கினாள். "நிஜமாவே வியாழனா?"

"சத்தியமா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அச்சுப் பிழை எதுவும் இல்லியே?"

"இந்தத் தடவை ஒரு பிழைகூட இல்லீங்க," என்றான் தூரெய்ன் பெருமையாக.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தாயாரின் பின்னால் போனாள். இருவரும் எந்த மூலையிலும் கும்பிடாமல் படியிறங்கினார்கள். அந்தப் பெரிய பூங்கட்டு அப்படியே டோ சான் ம்யாவின் கையில் இருந்தது.

டீக்கடையில் சித்தியும் அவனும் பழைய இடங்களிலேயே உட்கார்ந்தார்கள். எதிரே இரண்டு முக்காலிகள் காலி.

"அந்தம்மா நம்பல," என்றாள் சித்தி. "உன் பேரு இடிக்குது. எழுத்துல கொடுத்தாத்தான் நம்புவாங்க. எடு பேனாவை."

தூரெய்ன் பையிலிருந்து தங்க ஓரம் போட்ட கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றையும் தாளையும் எடுத்தான். சித்தி சொல்லச் சொல்ல எழுதினான்.

'மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு. நான் வியாழக்கிழமை பிறந்தவன். இதில் எள்ளளவும் சந்தேகம் வேண்டாம்.'

"பகோடா மேல சத்தியம்னு போடு."

பேனா நின்றது. "அது பாவம் சித்தி. என் அச்சு மெஷின் மேல சத்தியம்னு போட்டுக்கறேன்."

'தங்கள் மனநிறைவுக்காக என் பெயரை வியாழக்கிழமைக்குரிய ம்யோ மின் என்று மாற்றிக்கொள்கிறேன். நாளைய செய்தித்தாளில் விளம்பரம் வரும். இனி யாராவது என்னை வெள்ளிக்கிழமைக்காரன் என்று சொன்னால் அவர்களை நம்ப வேண்டாம். இப்படிக்கு, தங்கள் வருங்கால வியாழக்கிழமை மாப்பிள்ளை.'

மடித்து உறையில் போட்டான். பசை இல்லை. கடைக்காரரிடம் ஒட்டரிசிச் சோறு கொஞ்சம் வாங்கி, தடவி, விளிம்பு முழுவதும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். வாசலில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் விலாசம் சொல்லிக் கொடுத்தான்.

"அந்தம்மா கையிலயே கொடுங்கண்ணே. அவசரம்."

"பறந்துடறேன்," என்றார் ரிக்‌ஷாக்காரர். சொன்னபடியே பறந்தார். அடுத்த திருப்பத்தில் வண்டி மறைந்தது.

கூடை காலியாகிப் படியிறங்கி வந்த பூக்காரி மா ஓன், தூரெய்னைப் பார்த்ததும் அவனுக்கான மீதிப் பணத்தை நீட்டியபடியே கேட்டாள்:

"ஏன் தம்பி, அந்தப் பொண்ணு சனிக்கிழமையாச்சே, சின்ன வயசுல சீக்கு வந்து பேரை மாத்தினவ, 'வியாழனா இல்லாம நல்ல வெள்ளிக்கிழமைப் பையனா கெடைச்சிருக்கான்'னு அந்தம்மா காலைல எங்கிட்ட பாதிக் கூடை பூவை வாங்கிட்டுப் போனாங்களே, அப்புறம் ஏன் அழுதுக்கிட்டே எறங்கிப் போனாங்க?"