காதால் கேட்டுக் கொடுத்த சான்றிதழ்

ஓசையால் இயங்கும் எந்தக் கருவியையும், உரிய அதிகாரி தம் சொந்தக் காதால் கேட்டுச் சான்றளித்த பிறகே இயக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான்.

என் தங்கை ஓர் அலுவலகக் கட்டடத்தில் உள்ள செடி வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய கண்ணாடி ஜாடிகளில் மண் கிடையாது. அடியில் காசளவு தகடு ஒன்று காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும், சத்துநீர் பனியாக எழும்பும், வேர்கள் குடிக்கும். இரண்டாயிரம் உருளைக்கிழங்கு நாற்றுகள். பனி நின்றால் அத்தனையும் சருகு.

சான்றளிக்க அதிகாரி வந்த அன்று, அவள் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். அதிகாரி ஒரு ஜாடியில் காதை ஒட்டவைத்து நின்றிருந்தார்.

"சத்தமே வரலையேம்மா?"

"மனுஷக் காதுக்குக் கேட்காது சார். பனி வருது, பாருங்க."

"பனிக்குப் படிவத்துல இடமில்ல. கேட்காத சத்தத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

சுவிட்சை அவரே அணைத்தார். ஜாடிகளில் பனி அடங்கியது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"எனக்கு நல்லாக் கேட்டுதே சார்? உங்க வேலைக்குக் காதுதானே மூலதனம்... மேலிடத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

சுவிட்ச் உடனே உயிர் பெற்றது. அதிகாரி கண்ணை மூடினார்.

"ஆமா... கேட்குது. ரீங்காரம்!"

'ஓசை கணீரென்று உள்ளது' என்று சான்றளித்தார். சாட்சி: நான்.

அதன்பின் அந்த ஓசையைக் கேட்பதே கட்டடத்தில் நாகரிகமாகிவிட்டது. மேலாளர், "என்ன சுருதி!" என்று தலையாட்டினார். கேட்காதவர் யாருமில்லை. பிறகு தட்டச்சு அம்மாளுக்குத் தலைவலி வந்தது. தலைவலி தொற்றுநோய் என்று அன்றுதான் தெரிந்தது. நாற்பத்திரண்டு பேர் புகார் மனு எழுதினார்கள். நான் நாலு தரம் கூப்பிட்டாலும் காதில் விழாத என் வீட்டுக்காரரும் அங்கேதான் குமாஸ்தா. மூன்றாவது கையெழுத்து அவருடையது.

அதிகாரி ஆணையோடு வந்தார்: கணீரென்ற ஓசையாதலால், கருவி உணவு இடைவேளையில் மட்டும் ஓடலாம்.

"சார், சத்தியமா யாருக்குமே கேட்காது சார்!" என்றாள் தங்கை.

"அப்போ என் சான்றிதழ் பொய்யா? பொய்ச்சாட்சி சொன்னது யாரு?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் நாற்றுகள் கருகின. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. 'இறப்புக்குக் காரணம்: அதிகச் சத்தம்' என்று அதிகாரி நிரப்பினார். கீழே, சத்தத்தை நேரில் கேட்டவர் கையொப்பமிட வேண்டும்.

"போடுக்கா," என்று தங்கை பேனாவை நீட்டினாள்.

போட்டேன்.