ஒரு கல்லுக்கு இரண்டு வேலை

வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிக்கத் தகுதியுள்ள ஒரே மனிதர் எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கே குமாஸ்தா. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'வேலைவாய்ப்பு அண்ணாச்சி'.

ஒரு வேலையை ஒரே ஆள் செய்தால் அவருக்குப் பொறுக்காது. சாயா வாங்கப் போகிறவனிடம் தூக்குவாளியைக் கொடுத்து, மூடியை இன்னொருவனிடம் கொடுத்து அனுப்புவார். கேட்டால், "மூடிய வச்சும் ஒருத்தன் பொழைக்கட்டுமே தம்பி!" என்பார்.

அவர் ஊர் கரிசல் காடு. மழை பொய்த்தால் பெண்கள் பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள். அது அண்ணாச்சிக்கு ஆறாத வேதனை. அங்கிருந்து மிளகாய் வற்றல் ஏற்றி வரும் லாரி காலியாகத் திரும்புவதைப் பார்த்தவர், முதலாளியை நச்சரித்து, சுத்தம் செய்யாத மிளகை அதில் ஏற்றிவிட்டார். ஊரில் நாற்பது பெண்கள் கல்லும் காம்பும் பொறுக்கித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் ஒருத்தியும் சூளைக்குப் போகவில்லை.

அப்போது பார்த்து முதலாளி சலிக்கும் மெஷின் வாங்கினார். அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த வற்றல் லாரி வந்ததிலிருந்து, மெஷின் சலித்த மிளகிலும் கல் கிடந்தது! மெக்கானிக் நாலு தடவை வந்து கழற்றிப் பூட்டினார். கடைசித் தடவை மெஷினைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மூட்டைகள் பழையபடி ஊருக்குப் போயின.

ஒருநாள் வற்றல் மூட்டை ஒன்றைத் தூக்கப் போன சுமட்டுக்காரச் சேட்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிரித்தால், உள்ளே பொடிக் கல்.

"எந்தா அண்ணாச்சி இது?" என்றார் முதலாளி.

"எங்க ஊருக் கல்லு மொதலாளி. சுத்தமாக் கழுவுனது."

"இதை நல்ல முளகில இட்டு, திரும்ப உங்க ஊருக்கே அயக்குறீங்களோ?"

"கல்லு பொறுக்கிப் போட ஆம்பளைங்க பதினஞ்சு பேரு. அதுக்குக் கூலி என் சம்பளத்துல. மிளகுலேருந்து கல்ல எடுக்கப் பொம்பளைங்க நாப்பது பேரு. இந்த மெஷினு எத்தன பேருக்கு மொதலாளி சோறு போடும்?"

அண்ணாச்சிக்கு வேலை போயிற்று என்று நினைத்தேன். முதலாளி சாக்கின் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "கல்லு வேண்டா. சுக்கு தரம் பிரிக்க மெஷின் இல்லா. அது உங்க ஊருக்கு அயக்காம்" என்றார்.

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்: "அப்ப அந்தப் பதினஞ்சு ஆம்பளைங்க?"

இன்றைக்கும் சோற்றில் கல் கடிபட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அண்ணாச்சி எங்கோ நன்றாக இருக்கிறார் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன்.