நாத்திகனுக்கு ஆள் தேவை

ஆம்பூரில் ஒரு சபைக் கமிட்டி, உலகத்தாரை மனந்திரும்ப வைக்கும் பொருட்டுத் திரைப்படம் ஒன்று எடுப்பதெனத் தீர்மானித்தது. அந்த மாதிரிப் படமென்றால் ஒரு நாத்திகன் வேண்டும். சபைக்குத் தெரிந்த ஒரே நாத்திகர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர் காசிநாதன். ஞாயிறு தவறாமல் மனைவி ஆக்னஸை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்.

அவருக்கும் கமிட்டியிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மகள் கிறிஸ்டினாவுக்குக் கல்யாணம். பெண்ணின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகவேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. நம்பிக்கையில்லாத தகப்பன் அப்படி நடக்கலாகாது என்று கமிட்டி சொல்லிவிட்டது.

"நடிச்சுக் குடுங்க, அப்பால பேசிக்கலாம்" என்றார் செயலாளர் மோசஸ்.

நடிகர் தேர்வு முறைப்படி நடந்தது. கறுப்புச் சட்டையை மாட்டிவிட்டு டைரக்டர் நெல்வின் விசாரித்தான்.

"தண்ணி போடுவீங்களா சார்?"

"இல்லப்பா."

"ஆன்ட்டியை அடிக்கிறது கிடிக்கிறது?"

"சேச்சே! வீட்ல சமையலே நான்தான்."

"ராத்திரில தூக்கம் வராம, மனசுல ஒரு வெறுமை... அதுவாச்சும் இருக்குதா?"

"படுத்தா காலையிலதான்."

நெல்வினுக்குப் பேஜாராகிவிட்டது. கமிட்டி அவசரமாகக் கூடி, மேற்படி காசிநாதன் நாத்திகத்துக்குரிய அடிப்படைத் தகுதி ஏதுமற்றவர் என ஏகமனதாக முடிவு செய்தது. கல்யாணத்தை நினைத்துக் காசிநாதன் கறுப்புச் சட்டையைக் கழற்றாமலே நின்றார்.

அந்த நேரம் பார்த்து மோசஸ் போனில் மனைவியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "கொழம்புல உப்பு எங்கடி? இன்னா நெனச்சுக்கினு சமைக்கிற?"

நெல்வின் துள்ளி எழுந்தான். "சார், அப்படியே இருங்க! இந்த மூஞ்சிதான் வேணும்!"

கறுப்புச் சட்டை மோசஸுக்குப் போனது. ஊரையெல்லாம் திட்டி, லாரியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாத்திகன் அவர். கட்டிலருகே மண்டியிடும் சாந்தமான விசுவாசி காசிநாதன். இருவருக்கும் ஒத்திகையே தேவைப்படவில்லை.

படம் ஓகோவென்று போனது. மோசஸ் காணிக்கைப் பையை நீட்டினால் ஜனம் ஒதுங்கிக்கொண்டது. காசிநாதனிடமோ, ஜெபிக்கச் சொல்லிக் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். அவர் பதறிப்போய், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள், குணமானது. அற்புதம் என்று பேச்சு பரவியது.

கமிட்டி மறுபேச்சில்லாமல் அனுமதி தந்தது. கல்யாணத்தன்று மகளின் கையைப் பிடித்ததும் காசிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யோடு உள்ளே போக அந்த நல்ல மனுஷனுக்கு மனசு வரவில்லை. போனால் போகட்டுமென்று வாசலிலேயே உரக்கச் சொன்னார்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கெடையாது. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

கிறிஸ்டினா அவர் கையை இறுக்கிக்கொண்டாள். போதகர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"எவ்ளோ பெரிய விசுவாசி! என்ன தாழ்மை பாத்தீங்களா! நம்ம மோசஸும் இருக்காரே, விசுவாசின்னு சொல்லிக்கிட்டு!"

சபை மொத்தமும் ஆமென் என்றது. பழக்க தோஷத்தில் மோசஸும் சொன்னார்.