கொடிக்கயிறு இழுக்க ஆள் தேவை

தென்னாப்பிரிக்க ராணுவத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியும் மேஜர் ஸ்டெய்ன்காம்ப் மேஜராகவே ஓய்வு பெற்றார். சாவதற்குள் ஜெனரல் ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எங்கள் சம்பிரா தீவிலிருந்து துரத்தப்பட்ட மந்திரி ஒருவர், "மாளிகையில என் கொடி ஏறின நிமிஷத்துலேர்ந்து நீங்க ஜெனரல்" என்று எழுதியே கொடுத்தார். மேஜர் உடனே தனிப்படை திரட்டக் கிளம்பிவிட்டார்.

வந்து சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு பேரும் ஓய்வு பெற்ற கேப்டன்கள். கர்னல் பதவி தந்தால்தான் படகில் ஏறுவோம் என்று அடம் பிடித்தார்கள். மந்திரி கையெழுத்திட்ட வெற்று நியமன உத்தரவுகள் ஒரு கட்டு இருந்தது. மேஜர் தாராளமாக நிரப்பிக் கொடுத்தார். தனக்கு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. கொடி ஏறும்வரை மேஜர், ஏறினால் ஜெனரல். ஒழுங்கு என்றால் ஒழுங்கு. மிச்சமிருந்தவர் சமையற்காரர் கும்புலானி. ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலி. அவரைச் சிப்பாய் என்று பதிந்துகொண்டார்கள்.

காலை ஒன்பது மணிக்குப் படை கரையிறங்கியது. தாக்குமாறு மேஜர் பணிவுடன் கேட்டுக்கொண்டார். முதல் கர்னல் இரண்டாம் கர்னலுக்கு ஆணையிட்டார், அவர் மூன்றாமவருக்கு. ஆணை முறைப்படி இறங்கிப் பதினோரு மணிக்குக் கும்புலானியை அடைந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு மாளிகை வாசலுக்கு நொண்டிக்கொண்டே போனார். கர்னல்கள் மாமரத்தடியில் தங்கிவிட, மேஜர் மட்டும் பின்னாலேயே ஓடினார்.

வாசலில் காவலர் பக்காரி முக்காலியில் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்.

"யாருய்யா நீ?"

"படையெடுத்து வந்திருக்கேன்."

"ஒத்த ஆளாவா?"

"மத்தவங்க எல்லாம் கர்னலுங்கண்ணே. சண்டைக்கு வர மாட்டாங்க."

"இங்க மட்டும் என்ன வாழுது? உள்ள முப்பத்தோரு ஜெனரல். வெயில்ல நிக்கிறது நான் ஒருத்தன். கிழங்கு திங்கிறியா?"

மேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கிழங்கு அப்புறம்! மொதல்ல கொடியை ஏத்துங்கய்யா!"

"ஏத்தலாமே," என்றார் பக்காரி. "எங்க ரெண்டு பேரையும் மார்ஷல் ஆக்கிடுங்க, நான் வழி விடுறேன்."

மேஜர் கடைசி இரண்டு உத்தரவுகளையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்தார். கதவு திறந்தது.

"கும்புலானி, கயித்தை இழு!"

"மார்ஷலைப் பார்த்து இழுங்கறீங்களே மேஜர், நல்லாவா இருக்கு?"

மேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். மரத்தடியில் இருபத்திரண்டு கர்னல், உள்ளே முப்பத்தோரு ஜெனரல், எதிரே இரண்டு மார்ஷல். அத்தனை பேருக்கும் கீழே இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆசை விடவில்லை, அவரே இழுத்தார். கொடி ஏறியது. பாவம், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப நான் ஜெனரல்!"

"ரொம்ப சந்தோஷம்," என்றார் மார்ஷல் பக்காரி. "சாயங்காலம் யாரு எறக்குறது?"

அன்றே இரு தரப்பும் கூடி, நாட்டு நலன் கருதி, வேறொரு சிப்பாய் கிடைக்கும்வரை மேஜரின் பதவி உயர்வை ஏகமனதாக நிறுத்திவைத்தன. அவரும் விறைப்பாக சல்யூட் அடித்தார். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

சிப்பாய் ஒருவர் தேவை என்று ரேடியோவில் அறிவித்தார்கள். தீவுக்காரர்களான எங்களுக்கு நாட்டுப்பற்றில் என்ன குறைச்சல்? மறுநாளே நாலாயிரம் மனு குவிந்தது, அத்தனையும் ஜெனரல் பதவிக்கு. அவற்றை மூட்டை கட்டி உள்ளே சுமந்துபோனவர் மேஜர்தான்.

என்னுடையதை மேலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.