நிர்வாகி மகனும் விருந்தாளி அம்மாவும்

உலகில் இதுவரை எழுதப்பட்ட அரசியல் சட்டங்களிலேயே உன்னதமானது எங்கள் வீட்டுக் கணினிக்குள் இருக்கிறது. பராகுவே நாட்டுக்கேகூட அவ்வளவு நேர்த்தியான சட்டம் வாய்க்கவில்லை. இயற்றியவர் என் மைத்துனர் விர்ஜிலியோ. அவருடைய தகுதிக்கேற்ற பதவியை இந்த நாடு இன்னும் உருவாக்காத காரணத்தால், தாயார் வீட்டிலேயே தங்கி, தாயார் சோற்றையே உண்டு, பொறுமையாகக் காத்திருக்கும் பெருந்தகை.

கணினியை வாங்கியவர் என் மாமியார் தெயோலிந்தா. தலையில் கூடையோடு பேருந்து பேருந்தாக ஏறி, பாலாடைக்கட்டி மணக்கும் சிப்பா ரொட்டி விற்றுச் சேர்த்த காசு. ஆனால் வாங்குவது யாராலும் முடியும். 'நிர்வகிப்பது' அப்படியா?

எங்கள் வீட்டில் தெரெரே குடிக்க ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். மூலிகை போட்ட அந்தக் குளிர்ந்த நீர் நாலு வாய்க்கும் அதன் வழியேதான் போகிறது. யாரும் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஆளுக்கொரு கணக்கு திறந்ததுதான் மைத்துனரின் புரட்சி. அதற்கென ஒரு பொதுக்குழு கூடியது. குவளை சுற்றி வந்தது.

"இனிமே ஆளாளுக்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். நான் நிர்வாகி. நிமியா சாதாரணப் பயனர். மச்சான், நீங்க கண்காணிப்புக்கு உட்பட்ட பயனர்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றேன்.

"இதுவரைக்கும் இல்ல. அதான் கண்காணிப்பு."

"எனக்குடா?" என்றார் அத்தை.

"நீ விருந்தாளிம்மா."

"நான் வாங்குன பெட்டியில நானே விருந்தாளியா?"

"விருந்தாளின்னா எவ்ளோ மரியாத. உனக்குக் கடவுச்சொல்லே வேணாம். நேரா உள்ள போலாம்."

"இவனுக்கும் இந்த வீட்டுல அதே மரியாததான்," என்றாள் என் மனைவி நிமியா, மைத்துனரைக் காட்டி. இந்தக் கருத்து அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் புதிய பேருந்து நிலையத்தில் கடைகள் ஒதுக்கப்போவதாக நகராட்சி அறிவித்தது. விண்ணப்பம் கணினி வழியாக மட்டுமே. வெள்ளிக்கிழமை நண்பகலோடு சரி. அத்தையின் முழங்கால்கள் பேருந்துப் படியேற மறுத்து வெகுநாளாகிறது. கடை கிடைத்தால் உட்கார்ந்து விற்கலாம். கிடைக்காவிட்டால் விற்கவே முடியாது. அவர் விற்காவிட்டால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது.

திங்கட்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பாதி எழுதினார். அடுப்பைப் படமெடுத்துச் சேர்த்தார். சேமித்துவிட்டு, கணக்கை மூடிவிட்டு, மாவு பிசையப் போனார். செவ்வாயன்று வந்து பார்த்தால் ஒரு வரி இல்லை. மறுபடி எழுதினார். புதனன்று அதுவும் இல்லை.

அத்தைக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. பொம்பேரோ. இருட்டியபின் மயிரடர்ந்த கால்களால் ஓசையின்றி வீட்டுக்குள் புகுந்து, வைத்த பொருளை வைத்த இடத்தில் இல்லாமல் செய்யும் குள்ளன். அவனைச் சமாதானப்படுத்தும் முறையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் முறையாக எழுதி முடித்து, அன்றிரவு கணினிக்கு அருகில் ஒரு கோப்பை கரும்புச் சாராயமும் ஒரு சுருட்டும் வைத்தார். காலையில் கோப்பை காலி. மாலையில் உட்கார்ந்து திறந்தால் விண்ணப்பமும் காலி.

வெள்ளிக்கிழமை காலை என்னிடம் முறையிட்டார். "குடிச்சிட்டும் அழிக்கிறான் மாப்ள. இவ்ளோ நன்றி கெட்ட பொம்பேரோவ நான் பாத்ததில்ல."

மைத்துனரிடம் கேட்டேன். அவர் முகம் பெருமையில் மலர்ந்தது.

"அழிக்கிறதுதான் மச்சான் அந்தக் கணக்கோட சிறப்பே. விருந்தாளி வெளிய வந்ததும் தடயமே இருக்காது. எப்பேர்ப்பட்ட பாதுகாப்பு."

"யாருகிட்டயிருந்து பாதுகாப்பு?"

"அம்மாகிட்டயிருந்து."

அத்தை மாவுக் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். "அப்போ அழிச்சது பொம்பேரோ இல்ல."

"இல்லம்மா. சிஸ்டம்."

"சிஸ்டம் சாராயம் குடிக்குமா?"

மைத்துனர் சுவரில் தொங்கிய கன்னி மாதா படத்தை ஆராயத் தொடங்கினார்.

"உன் கணக்கத் தொறடா. அதுல எழுதறேன். பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க."

மைத்துனர் திறக்க முனைந்தார். பாதுகாப்பு கருதிக் கடவுச்சொல்லைப் புதன் இரவு மாற்றியிருந்தார். பொம்பேரோவின் கோப்பையை முடித்த கையோடு. புதிய சொல் எதுவென்று சாராயத்துக்குத்தான் தெரியும். ஊகித்து ஊகித்து அடித்ததில் கணக்கு பூட்டிக்கொண்டது. என் கணக்கும் நிமியாவின் கணக்கும் 'மறுஆய்வுக்காக' முன்பே முடக்கப்பட்டிருந்தன. ஆக, அந்த வீட்டில் திறந்திருந்த ஒரே கதவு விருந்தாளிக் கதவு.

"எல்லாரும் நகருங்க," என்றார் அத்தை. "நான் எந்திரிச்சாத்தான அழியும்? எந்திரிக்க மாட்டேன்."

மின்சாரம் போய்விடக்கூடாதென்று விசிறி முதல் குளிர்பெட்டி வரை எல்லாவற்றையும் நிமியா நிறுத்தினாள். கொதிக்கும் வெயிலில் கூட்டமாக நின்றோம். அத்தை தட்டினார். நான்கு நாளில் மனப்பாடமாகியிருந்ததால் விரல் தடுமாறவில்லை. நண்பகலுக்குச் சற்று முன் கடைசிக் கேள்வி வந்தது: 'சுயமாகப் பிழைக்க இயலாத எவரேனும் தங்கள் பராமரிப்பில் உள்ளனரா? ஆம் எனில் முன்னுரிமை அளிக்கப்படும்.'

"இல்லன்னு போடும்மா," என்றார் மைத்துனர், மேற்பார்வையிட்டபடி.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாக அடித்தார்: 'ஆம். ஒருவர். மகன். வயது நாற்பத்தாறு. கணினி நிர்வாகி.'

முன்னுரிமைப் பிரிவில் முதல் கடையே கிடைத்தது. என் மைத்துனர் இந்தக் குடும்பத்துக்குச் செய்த ஒரே உதவி அது. அதையும் அவர் சும்மா இருந்தேதான் செய்தார்.