பாஸ்தா அண்ணையின் முன்வாசல்

பலெர்மோ நகரத்து உணவகங்களின் பின்வாசல் அத்தனையும் தெரிந்த ஒரே மனிதர் என் அப்பா. முன்வாசல் ஒன்றுகூடத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் கோப்பை கழுவியவர்.

அங்குள்ள தமிழர்களுக்கு அவர் பாஸ்தா அண்ணை. சமையலறைகளிலும் அதே பெயர்தான். வந்த புதிதில், பல்லரோச் சந்தைக்கு அருகே ஒரு கடையில் பரிமாறுகிறவர் வரவில்லையென்று, அப்பாவிடம் பாஸ்தாச் சட்டியைக் கொடுத்து மேசைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு கிழவர் கையை உயர்த்தி "போதும்" என்றார். இத்தாலிய மொழியில் அதற்கும் கிட்டத்தட்ட பாஸ்தா என்றுதான் சொல்ல வேண்டும். முதலெழுத்து மட்டும் 'பம்பர'த்தின் இரண்டாவது பகரம்போல ஒலிக்கும். அப்பாவின் யாழ்ப்பாணக் காதுக்கு எல்லாம் ஒரே பகரம். இன்னொரு அகப்பை வைத்தார். கிழவர் கத்தினார். அப்பா சட்டியையே கவிழ்த்துவிட்டார்.

"அந்தாளுக்குக் கையெல்லாம் நடுங்கினது. நல்ல பசியாக்கும் எண்டு நினைச்சன்," என்பார்.

அன்று உள்ளே போனவர் பிறகு எந்தக் கடையிலும் முன்பக்கம் வரவில்லை.

அம்மா இறந்த மறுவருடம் அவரை லண்டனுக்குக் கூட்டிவரப் போனேன். லண்டனில் நானும் தனிதான் என்பதால் ஏற்பாடு இருவருக்கும் பொருத்தமாகவே தெரிந்தது.

"ஓம், வாறன்," என்றார். "அதுக்கு முதல் நான் வேலை செய்த கடையளிலை ஒருக்காச் சாப்பிடுவம்."

எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத மூன்று கடைகள். முதற்கடையின் பின்வாசலுக்குச் சந்துவழியாக அழைத்துப்போனார். உள்ளே தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எங்களை மரக்கறி கொண்டுவந்தவர்கள் என்று நினைத்தார்கள். விளக்கியபின் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டோம். அப்பா சட்டைக்கையை மடித்துவிட்டு நாங்கள் சாப்பிட்ட கோப்பைகள் இரண்டையும் கழுவினார்.

"அப்பா, காசு குடுத்துத்தானே சாப்பிட்டனாங்கள்!"

"அதுக்கு? ஊத்தைக் கோப்பையை விட்டிட்டுப் போறதே?"

இரண்டாவது கடையிலும் அவரை யாருக்கும் தெரியவில்லை. நெஞ்சைத் தட்டிக்காட்டி "பாஸ்தா" என்றார். சமையற்காரன் தலையாட்டிவிட்டு இரண்டு தட்டுப் பாஸ்தா கொண்டுவந்து வைத்தான். அப்பா வழித்துச் சாப்பிட்டார். முடித்ததும் தட்டைக் கவிழ்த்து அடியை விரலால் தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அது அவருக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

மூன்றாவது கடை வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து பிரியும் ஒழுங்கையில். பின்வாசலில் இரும்புக்கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் முன்பக்கம் போனோம். பணியாள் மரியாதையாகக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தான். எடுத்துக்கொண்டு போகிறான் என்று நினைத்து அப்பா மறுபக்கம் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் இழுத்தார்கள். கடைசியில் அப்பா வென்றார், உட்கார்ந்தார்.

சாளரத்துக்கு வெளியே சனம் போய்வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்து வைத்த மீன் ஆறும்வரை சனத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"வெள்ளிக்கிழமை பிளைட் அப்பா. இன்னும் ஒண்டும் அடுக்கேல்லை நீங்கள்."

"குறை நினைக்காதை பிள்ளை. நான் வரேல்லை."

"இஞ்சை ஆர் இருக்கினம் உங்களுக்கு?"

"ஒருத்தரும் இல்லைத்தான். ஆனா இந்தப் பக்கத்தாலை நான் இந்த ஊரைப் பாக்கவேயில்லை. எத்தினை கடை கிடக்கு!"

கூட்டிப்போக வந்த நானே அவரை அங்கே உட்காரவைத்துவிட்டேன்.

விமானத்தில் அவருடைய இருக்கையில் என் கோட்டை வைத்துக்கொண்டு திரும்பினேன்.

இப்போது ஞாயிறுதோறும் தேவாலயப் பூசை முடிந்து ஏதாவது ஒரு கடைக்குப் போகிறார். மத்தியானம், நான் சமையலறையில் தனியே சாப்பிடும் நேரத்துக்கு, போனில் ஒரு தட்டின் படம் வரும். உணவின் பெயரோ ருசியோ எழுதமாட்டார். 'நீ சாப்பிடுவாய்' அல்லது 'நீ சாப்பிடமாட்டாய்', அவ்வளவுதான்.

இதுவரை ஒன்பது கடைகளில் நான் சாப்பிடுவேனாம்.