மாமாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு நான் போட்ட திட்டம்

அலுவலகச் செலவில் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வருகிற மனிதனைக் கொஞ்ச நாளைக்கு உறவினர் வீடுகளுக்கு அனுப்பக்கூடாது. கற்றுக்கொண்டதை யார் மேலாவது பிரயோகித்துப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அலுவலகத்தில் அவன் பேச்சை யாரும் கேட்கப் போவதில்லை. சிக்குவது சொந்தக்காரர்கள்தான்.

என்னிடம் சிக்கியவர் என் தாய்மாமா.

எனக்கு அப்போது முப்பது வயது. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை. (என்ன வேலை என்று கேட்காதீர்கள். எக்செல் ஷீட்டுக்கு வண்ணம் அடிக்கிற வேலை.) வியாபார ஸ்ட்ராடஜியின் அடிப்படைகள் என்று எங்களை ஒரு ஹோட்டலில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். நீ யார், உன் வாடிக்கையாளர் யார், உன் போட்டியாளன் என்ன செய்கிறான், நீ எதைச் செய்யாமல் விடப்போகிறாய். இவ்வளவுதான் விஷயம். மதியம் பிரியாணி, சாயங்காலம் சர்டிஃபிகேட். அந்த சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்துகொண்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா சேலையூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். இரண்டு கார்கள், கூரையில் அத்தையின் பெயர் போட்ட மஞ்சள் பலகை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்திக்கொடுத்தார். மாடம்பாக்கத்தில் அவர் “கிளட்ச்!” என்று கத்தினால் கேம்ப் ரோட்டில் போகிறவன் காலைத் தூக்கி கிளட்ச்சில் வைப்பான். நானே அவரிடம் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியில் ஓடிவந்தவன். மாமா வீட்டில் இரண்டு கார் இருந்தும் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போன மருமகன் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வருஷம் ராஜகீழ்ப்பாக்கத்தில் புதிதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வந்தது. ஏசி ஆபீஸ், புதுக் கார்கள், சிரித்த முகமாகச் சொல்லித்தர ஒரு மேடம். மாமாவிடம் ஆள் வருவது குறைந்துவிட்டது. ஒரு கார் வாசலிலேயே நின்றது. அதன் மேல் அத்தை வற்றல் காயப்போட ஆரம்பித்திருந்தாள்.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று வகுப்பில் சொன்ன நாலு கட்டம் போட்டு, மாமா எதிரில் உட்கார்ந்தேன்.

“மாமா, முதல்ல நம்ம பலம் என்னன்னு எழுதணும்.”

“நான்தான். எழுது.”

எழுதினேன். “பலவீனம்?”

“அதெல்லாம் நமக்கு ஏதுடா?”

காப்பி கொண்டுவந்த அத்தை தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “அதே பேரை அங்கயும் எழுதிக்கோப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து மற்ற இரண்டு கட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டேன். அன்றோடு நான் இதை விட்டிருக்கலாம். விடவில்லை. போட்டியாளனைத் தெரிந்துகொள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களே! அடுத்த வாரமே எல்.எல்.ஆர் போட்டுக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் ஸ்கூலில் மாணவனாகச் சேர்ந்துவிட்டேன். மாமாவிடம் மூச்சுவிடவில்லை. (வேவு பார்ப்பது என்றால் ரகசியம் வேண்டாமா?)

“முன்னாடி எங்கயாவது ஓட்டியிருக்கீங்களா சார்?” என்று அந்த மேடம் கேட்டார்.

“கொஞ்சம். சொல்லிக்குடுத்தவர் ரொம்பக் கத்துவார். பயந்து விட்டுட்டேன்.”

“அச்சோ. இங்க யாரும் கத்த மாட்டோம். மெதுவா எடுங்க.”

வண்டி குதித்து நின்றது. நான் பழக்க தோஷத்தில் காதைப் பொத்திக்கொண்டேன். “பரவால்ல சார், திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளட்ச் விஷயத்தில் என்னிடம் யாரும் அதுவரை ‘பரவால்ல’ சொன்னதில்லை.

அவர்கள் கட்டணம் என்ன, நேரம் என்ன, எத்தனை பேர் வருகிறார்கள் என்றெல்லாம் கவனிக்கத்தான் போனேன். இரண்டாவது கியர் போட வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வேவு பார்க்கப் போனவன், காலையில் எழுந்து ஷேவ் செய்துகொண்டு முதல் ஆளாகப் போய் நிற்கிற மாணவனாகிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் மேடம் என்னைக் கேம்ப் ரோடு சிக்னலுக்குக் கூட்டிப்போனார். சிவப்பு விளக்கு. நின்றேன். அழகாகத்தான் நின்றேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் நிற்கிற கார் கூரையில் மஞ்சள் பலகை. அதில் அத்தையின் பெயர்.

மாமா கண்ணாடியில் பார்த்துவிடுவாரே என்று ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தேன். தலை கீழே போனபோது கால் மேலே வந்துவிட்டது. மேடம் அந்த நேரம் பார்த்து, பின்னால் ஹார்ன் அடித்த ஆட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பதற்குள் எங்கள் கார் அத்தையின் பெயரை முட்டிவிட்டது.

“எவன்டா அது கிளட்ச்ச விட்டவன்?”

சிக்னலே திரும்பிப் பார்த்தது. மாமா இறங்கி வந்தார். வந்தவர் என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். நானும் மெதுவாக நிமிர்ந்தேன். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்.

“சாரி சார், பம்பர்ல லேசாதான் பட்டிருக்கு” என்றார் மேடம். “என் ஸ்டூடண்ட். நல்லாதான் ஓட்டுவார். பாவம், முன்னாடி யாரோ ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டாராம். அந்தாளு கத்திக் கத்தி இவரைப் பயமுறுத்தி வெச்சிருக்கார்.”

மாமா அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். டேய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“கிளட்ச்ச மெதுவா விடணும் சார்” என்றார், ரொம்பப் பணிவாக. “நீங்க பயப்படாதீங்க.”

பிறந்ததிலிருந்து என்னை டேய் போட்டுக் கூப்பிட்ட மனிதர் சார் என்கிறார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

அதோடு முடியவில்லை. மாமாவின் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண்மணி, வியர்த்து வழிய ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எங்கள் மேடத்தைக் கேட்டார்: “மேடம், உங்க ஸ்கூல் எங்க இருக்கு?”

மேடம் இடத்தைச் சொன்னார். மாமா அதையும் நின்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்மணி திங்கட்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு அடுத்த வகுப்பு.

வீட்டில் அம்மா பதறிப்போனாள். “உன் மாமா உன்னை ஒண்ணுமே சொல்லலையா? கத்தலையா? அப்ப ரொம்பக் கோவமா இருக்கான்டா.”

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். வற்றலை எடுத்துவிட்டு மாமா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மாமா, உங்களுக்காகத்தான் சேர்ந்தேன். ஆராய்ச்சிக்கு. அவங்க கத்தறதே இல்ல மாமா. அதான் வித்தியாசம்.”

“இதக் கண்டுபிடிக்கவாடா அங்க போய்ச் சேர்ந்தே? உங்க அத்தை தினம் சொல்றா.”

அதற்கப்புறம் ஒரு வாரம் கத்தாமல் சொல்லித்தந்து பார்த்தாராம். உடம்பு சரியில்லையா சார் என்று மாணவர்களே விசாரித்தார்களாம். அடுத்த வருஷம் இரண்டு கார்களையும் விற்றுவிட்டார். ராஜகீழ்ப்பாக்கம் ஆபீஸும் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஊரெல்லாம் கிளை வைத்த ஏதோ ஒரு பெரிய கம்பெனி வந்து அதையும் மூடவைத்தது. அந்த இடத்தில் இப்போது சிக்கன் பக்கோடா போடுகிறார்கள். எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. இந்த முழுத் திட்டத்திலும் லாபம் அடைந்தவன் நான் ஒருவன்தான் என்பதை என் மனைவி உட்பட யாரும் மறக்கவிடுவதில்லை. அலுவலகத்தில் இன்றும் வருஷத்துக்கொரு முறை ஸ்ட்ராடஜி கூட்டம் போடுகிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று முழுங்கிக்கொண்டிருப்பேன். பெரிய பேச்சுப் பேசத் தெம்பில்லை.

போன வருஷம் திடீரென்று மாமாவிடமிருந்து போன். அவர் மகள் கவிதா பிளவுஸ் தைக்கிற கடை வைக்கப் போகிறாள்.

“ரெண்டு இடம் பார்த்திருக்கோம்டா. ஒண்ணு மெயின் ரோடு, இன்னொண்ணு உள்ள ஒரு சந்து. நீ எதச் சொல்றே?”

இத்தனை வருஷம் கழித்து என்னிடம் கருத்துக் கேட்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. “மெயின் ரோடுதான் மாமா. யோசிக்கவே வேணாம்” என்றேன்.

திறப்பு விழாவுக்குப் போனேன். கடை சந்துக்குள் இருந்தது. முதல் நாளே உள்ளே நிற்க இடமில்லை, அத்தனை பெண்கள். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மாமாவிடம் கேட்டேன்.

“ஏன் மாமா மெயின் ரோடுல வைக்கல?”

“வைக்கலாம்னுதான் இருந்தோம்” என்றார் மாமா. “நீயும் அதையே சொல்லிட்டியே.”